அக்தர் பானுவின் பாஸ்போர்ட்டும் தொண்ணூறு விநாடியும்

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அக்தர் பானு, புதுச் செருப்பு கடித்த காலோடு இரும்பு ஏணியில் ஏறி வந்து, ஜெபசெல்வியின் வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். மக்காவுக்குக் கிளம்புகிறவள் முகத்தில் இருக்க வேண்டிய வெளிச்சமெல்லாம் இருந்தது. பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடு, போயிட்டு வாரேன் என்றாள். ஜெபசெல்வி அறை மூலையில் இருந்த எஃகுப் பெட்டியின் மேல் விரலை வைத்தாள். பெட்டி திறக்கவில்லை. விரலைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். அப்போதும் திறக்கவில்லை. வழக்கமாகப் பச்சையாக மினுக்குகிற விளக்கு சிவப்பாக, கண் கொட்டாமல் எரிந்துகொண்டிருந்தது.

அந்தப் பெட்டி பற்றிச் சொல்லிவிட வேண்டும். பரீட்சைக் கேள்வித்தாள்களைப் பத்திரமாகக் கொண்டுபோவதற்கென்று செம்பூரில் ஒரு சின்னக் கம்பெனி செய்கிற பெட்டி அது. உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் நகத்தளவு ஒரு பாதுகாப்புச் சில்லு, சிப் என்பார்களே அது. பூட்டின் சாவி அந்தச் சில்லுக்குள்தான் இருக்கிறது. கம்பெனி முதலாளிக்கே அதை எட்டிப் பார்க்க வழி கிடையாது. அந்தச் சில்லோடு கம்ப்யூட்டர் பேசுவதற்கான டிரைவர் நிரலை எழுதியவள் ஜெபசெல்வி. செம்பூர் ஆபீஸில் தரைக்கு டைல்ஸ் மாற்றுகிறார்கள், இரண்டு வாரம் மாதிரிப் பெட்டியை உன் வீட்டில் வைத்துக்கொள்கிறாயா என்று மேலதிகாரி கீதா மேடம் கேட்டபோது சரி என்றவளும் அவள்தான். தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஒரு பெட்டிக்கு இடம் கேட்டால், புத்தியுள்ள எவளும் யோசிப்பாள். இவளுக்குச் சரி என்பதைத் தவிர வேறு வார்த்தை வாயில் வராது.

அதையாவது விடலாம். போன ஞாயிற்றுக்கிழமை அக்தர் பானு வந்து, இந்தப் பெட்டிக்குள் மழைத் தண்ணீர் போகுமா என்று கேட்டாள். போகாது என்றாள் ஜெபசெல்வி. எலி போகுமா என்று கேட்டாள். எறும்பு கூடப் போகாது. அப்படியானால் என் பாஸ்போர்ட் மூன்று நாள் இதில் இருக்கட்டும் என்றாள் அக்தர் பானு. கம்பெனிச் சொத்து அக்கா, அதில் எதையும் வைக்கக் கூடாது என்று சொல்ல வேண்டிய இடம் அது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, அங்கேயும் சரி என்றாள்.

அக்தர் பானு கேட்டதிலும் குற்றம் சொல்ல முடியாது. ஐம்பத்தெட்டு வயது, புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பள்ளிக்கூடச் சீருடைகளுக்குப் பித்தான் தைத்துத் தைத்தே காலம் போய்விட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மக்காவுக்கு உம்ரா யாத்திரை கிளம்பும்போது கூரை ஒழுகி, பாஸ்போர்ட் ஊறிப் போனது. போன வருஷம் கிளம்பும்போது அவளே வழுக்கி விழுந்து கால் ஒடிந்தது. இது மூன்றாவது தடவை. ஆண்டாப் ஹில் பள்ளிவாசல் முன்னாலிருந்து இரண்டு மணிக்குப் பஸ் கிளம்பும். கூட்டமாகப் போகிற விசா, விட்டால் தனியாகப் பின்னால் போக முடியாது. அதாவது ஒன்றேகால் மணிக்காவது பாஸ்போர்ட் அவள் கையில் இருக்க வேண்டும்.

சத்தம் கேட்டு உதுமான் பாய் மேலே வந்தார். ஜெபசெல்வி வீட்டுக்கு நேர் கீழே தோல் பட்டறை வைத்திருப்பவர். பெட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார். "இது ஒரு பெரிய விசயமாம்மா? இரும்பு அறுக்குற கிரைண்டர் இருக்கு. பத்து நிமிசத்துல அறுத்துருவோம்" என்றார். அறுத்தால் நெருப்புப்பொறி உள்ளே தெறிக்கும், பாஸ்போர்ட் கருகிவிடும் என்றாள் ஜெபசெல்வி. அப்படியானால் தூக்கிக்கொண்டு செம்பூருக்கே போய்விடலாம் என்றார். தூக்கினால் இன்னும் வினை. பெட்டியின் அடியில் ஒரு விசை இருக்கிறது. தரையை விட்டுக் கிளம்பியது தெரிந்தால் திருடன் என்று முடிவுகட்டி, இருபத்துநாலு மணி நேரத்துக்குப் பூட்டிக்கொள்ளும். கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தாலும் அந்த வேலையைச் சில்லு தானே பார்த்துக்கொள்ளும். இதைக் கேட்ட உதுமான் பாய், இவ்வளவு சந்தேகப் பிராணியை யாரம்மா வீட்டுக்குள் விட்டது என்று கேட்டார்.

அக்தர் பானு கட்டிலில் உட்கார்ந்தாள். திட்டவில்லை, அழவில்லை. "நீ பாரு ஜெபா. நீ பாத்தா சரியாயிரும்" என்றாள். திட்டியிருந்தால் கூட ஜெபசெல்விக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மடிக்கணினியைத் திறந்து பெட்டியின் பக்கவாட்டில் வயரைச் செருகினாள்.

புது நிரலை ஏற்ற முடியவில்லை. பெட்டி எதையும் காதில் வாங்குகிற நிலையில் இல்லை. கடைசியாக அது எழுதி வைத்த குறிப்பு மட்டும் வந்தது. அதில் ஓர் எண் இருந்தது. கம்ப்யூட்டரை இன்டரப்ட் செய்து கூப்பிட்ட தடவைகள், கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் நாற்பது லட்சம்.

இன்டரப்ட் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். யாருக்காவது அவசரம் என்றால் ஒரு கம்பியை இழுப்பார்கள். அது கைவேலையைப் போட்டுவிட்டு யார் கூப்பிட்டது என்று விசாரிக்கும். இந்தப் பெட்டியில் சிக்கனத்துக்காக ஒரே கம்பியை இரண்டு பேருக்குக் கட்டியிருந்தார்கள். ஒருவர் பாதுகாப்புச் சில்லு. இன்னொருவர் அதிர்வு உணரி, அதாவது எவனாவது உளியும் சுத்தியலும் வைத்துப் பெட்டியை உடைக்கப் பார்த்தால் கண்டுபிடிப்பதற்காக வைத்தது. கம்பி அசைந்ததும் கம்ப்யூட்டர் முதலில் சில்லின் டிரைவரிடம் கேட்கும்: உனக்கா? அது இல்லை என்றால்தான் அடுத்து உணரியின் டிரைவரிடம் போய்க் கேட்கும். ஆமாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் விசாரணை அதோடு முடிந்தது.

ஜெபசெல்வி தான் எழுதிய நிரலை வரி வரியாகப் பார்த்தாள். இருநூற்றுப் பதினான்காம் வரியில் வந்து நின்றாள். சில்லைப் பார்த்து, நீ கூப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு அதன்படி பதில் சொல்ல வேண்டிய இடம். அங்கே அவள் கேட்கவே இல்லை. யார் கூப்பிட்டாலும் நமக்குத்தான் என்று ஒரே பதிலை எழுதி வைத்திருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று எழுதியது.

இப்படி ஒரு தப்பை வேறு எவளும் செய்திருக்க மாட்டாள் என்றுதான் தோன்றுகிறது. வாசலில் உள்ள இரும்பு ஏணி நாலு வீட்டுக்குப் பொது. கீழே நின்று யாராவது 'யம்மா' என்று குரல் கொடுத்தால், அது யார் வீட்டுக்கு வந்த ஆள் என்று தெரிவதற்கு முன்னாலேயே, "இந்தா வாரேன்" என்று ஜெபசெல்வி இறங்கிவிடுவாள். வாசலில் வந்தவரை நிற்க வைக்கக் கூடாது என்று வளர்ந்தவள். அவள் குரலைக் கேட்டதும் மற்ற மூன்று வீட்டாரும், அதான் போய்விட்டாளே என்று அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள். வந்தவர் தேடி வந்தது மேல்மாடிப் பிச்சம்மாளை என்பது பிறகுதான் தெரியும். இந்த நல்ல பழக்கத்தைக் கொண்டுபோய் அப்படியே சில்லுக்கும் கற்றுக்கொடுத்திருந்தாள் மகராசி.

மிச்சத்தைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. செம்பூர் ஆபீஸில், நாலாவது மாடியில், ரப்பர் விரித்த மேசை மேல் பெட்டி பதினாறு நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அங்கே அதை யாரும் அசைக்கவில்லை. இங்கே தரைக்குக் கீழே உதுமான் பாயின் தோல் வெட்டும் அச்சு மெஷின். அது ஓர் அடி போட்டால் மேல்வீட்டு அலமாரியில் டம்ளர் நகரும். ஞாயிறு பட்டறைக்கு லீவு, அதனால் பாஸ்போர்ட்டை வைக்கும்போது பெட்டி சமர்த்தாகத் திறந்தது. திங்கள் காலை முதல் அடி விழுந்ததும் உணரி கம்பியை இழுத்து, திருடன் தட்டுகிறான் என்று கத்தியது. எனக்குத்தான் வந்த அழைப்பு என்று சில்லின் டிரைவர் எழுந்து போய், ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தது. தன்னை யாரும் கவனிக்காததால் உணரி கம்பியை விடவே இல்லை. மூன்று நாளாகப் பகலெல்லாம் இதே கூத்து. பூட்டைத் திறக்கக் கம்ப்யூட்டருக்கு ஒரு நொடி ஒழியவில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. இப்படி மாட்டிக்கொண்டால் பெட்டி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகவே அணைந்து மறுபடி எழும். எழுந்து, கண் விழித்து, விரலைப் பார்த்துப் பூட்டைத் திறக்கத் தொண்ணூறு விநாடி ஆகும். அந்தத் தொண்ணூறு விநாடி அது அசையாமல் இருந்தால் போதும், திறந்துவிடும். உதுமான் பாய் நம்பாமல் பார்த்தார். தாராவியில் தொண்ணூறு விநாடி எதுவும் அசையாமல் இருந்ததாக அவருக்கு நினைவில்லை.

ஆனால் மனிதர் தங்கம். உடனே இறங்கிப் போய் மெஷினை நிறுத்தினார். மேல்மாடியில் பிச்சம்மாள் இட்லி மாவு அரைத்துக்கொண்டிருந்தாள்; மாட்டுங்காவில் ஏழு கடைக்கு அவள் மாவுதான். பாதி அரைபட்ட மாவை நிறுத்தினால் இட்லி கல்லாக வரும், அந்தப் பழியை யார் ஏற்பது என்று சண்டைக்கு வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கிரைண்டரை அணைத்துவிட்டு, அக்தர் பானுவின் காதருகில் போய், அங்கே போனால் தன் முட்டுவலிக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாள். கேட்கிற சாமி யாருடையதாக இருந்தால் என்ன, வலி போனால் சரி என்பது அவள் கட்சி. அக்தர் பானு துஆ கேட்பதாக வாக்குக் கொடுத்தாள்.

பன்னிரண்டு பத்துக்குப் பெட்டி அணைந்து எழுந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் சத்தம் போடக் கூடாது என்று ஜெபசெல்வி சொல்லியிருந்ததால், அக்தர் பானு பொறுப்பாகத் தன் போனின் மணியை நிறுத்தி, அதிர்வில் மட்டும் போட்டு, கைதவறி விழுந்துவிடக் கூடாதென்று பத்திரமாகப் பெட்டியின் மேலேயே வைத்திருந்தாள். எழுபதாவது விநாடியில் டிராவல்ஸ்காரர், கிளம்பிவிட்டீர்களா என்று கேட்கக் கூப்பிட்டார். போன் பெட்டி மேல் வண்டு மாதிரி சுற்றி வந்தது. விளக்கு சிவப்பானது.

உதுமான் பாய் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சத்தம் வேறு, ஆட்டம் வேறு என்று தான் விளக்கிச் சொல்லாதது தன் தப்பு என்று ஜெபசெல்வி சொன்னாள். எல்லாத் தப்பையும் அவளே எடுத்துக்கொள்வதில் பிச்சம்மாளுக்கு எரிச்சல் வந்தது. "போனப் பெட்டி மேல வச்சது அவிய. நீ எதுக்குட்டி ஏத்துக்கிடுத?" என்றாள். நியாயமான கேள்விதான்.

பன்னிரண்டு இருபதுக்கு அடுத்த தடவை. எழுபதைத் தாண்டியது. எண்பத்திரண்டாவது விநாடியில் தரை மெல்ல உறும ஆரம்பித்தது. அந்தச் சந்துக்குத் தண்ணீர் விடுகிற நேரம் அது. குழாயில் வருகிற நூல் தண்ணீரை இழுக்க வீட்டுக்கு ஒரு மோட்டார்; முதல் சொட்டு வந்ததும் இருபத்திரண்டு மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். ஒரு மணி நேரம் ஓடும். அதன்பிறகு நாளைதான் தண்ணீர். விளக்கு மறுபடி சிவப்பானதைப் பார்த்துவிட்டு அக்தர் பானு மெதுவாக எழுந்தாள். அல்லா நாடியிருந்தால்தானே போகமுடியும், எனக்கு எழுதவில்லை போல என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

தண்ணீர் வருகிற நேரத்தில் மோட்டாரை நிறுத்து என்று தாராவியில் சொல்வது, பந்தியில் உட்கார்ந்தவனை இலையோடு எழுப்புவதற்குச் சமம். நீ நிறுத்தினால் உன் தண்ணீரை அடுத்த சந்துக்காரன் இழுத்துக்கொள்வான். திரும்பப் போட்டால் காற்றுதான் வரும். இது தெரியாதவள் இல்லை ஜெபசெல்வி. ஆனாலும் ஏணியின் உச்சிப் படியில் போய் நின்றாள். பதினொரு வருஷமாக அந்த ஏணியில் மற்றவர்கள் கூப்பிட, இவள் இறங்கிப் போயிருக்கிறாள். இவள் யாரையும் கூப்பிட்டது கிடையாது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கத்தினாள்.

"எல்லாரும் மோட்டார நிறுத்துங்க. ரெண்டு நிமிசம். அக்தரக்கா மக்கா போவணும்."

அவள் குரல் அது என்பதே பலருக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு எதிர்வீட்டு ஜன்னலில் ஞானராஜ் எட்டிப் பார்த்து, ஜெபாவா கூப்பிட்டது என்று கேட்டார். போன மழையில் அவர் மனைவிக்கு வலி எடுத்தபோது கூப்பிட்ட குரலுக்கு இறங்கி ஓடியவள் இவள். உள்ளே திரும்பி மோட்டாரை அணைத்தார். அணைத்ததோடு நிற்காமல் வெளியே வந்து, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த வீடு அதற்கடுத்த வீட்டைத் தட்டியது. சந்தின் அடிவரை ஒவ்வொரு மோட்டாராக உறுமல் அடங்கிக்கொண்டே போனது. நிறுத்திய ஒவ்வொருவரும் வெளியே வந்து அக்தர் பானுவிடம் ஒரு துஆவுக்குச் சொல்லி வைத்தார்கள். ஒருத்திக்கு மகனுக்கு வேலை, ஒருத்திக்கு மருமகளின் வாய் குறைய வேண்டும், ஞானராஜுக்கு ரத்தக் கொதிப்பு. தண்ணீரும் போகிறது, வேண்டுதலாவது போய்ச் சேரட்டும் என்ற கணக்கு.

பன்னிரண்டரைக்குப் பெட்டி அணைந்து எழுந்தது. கைவண்டிக்காரர் வண்டியைப் போட்டுவிட்டு நின்றார். உதுமான் பாய் பட்டறை ஆட்கள் எட்டுப் பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிச்சம்மாள், தான் நடந்தால் மாடி ஆடும் என்று அவளாகவே ஒப்புக்கொண்டு, படியில் அசையாமல் நின்றாள். நாற்பது. ஐம்பது. அப்போது ஜெபசெல்வியின் இடுப்பில் செருகியிருந்த போன் நடுங்கியது. கீதா மேடமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள். கை தன்னால் இடுப்புக்குப் போனது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மேடத்தின் போனை இரண்டாவது மணிக்கு மேல் அடிக்க விட்டதில்லை. பெட்டியைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி, கையை இறுக்கிக்கொண்டு நின்றாள். போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

எண்பத்தொன்பதில் விளக்கு பச்சையானது. விரலை வைத்தாள். உள்ளே ஏதோ புரண்டு, கிளிக் என்று மூடி எழும்பியது.

சந்தே போட்ட குதியாட்டத்தில் பெட்டி உடனே மறுபடி சிவப்பாகிவிட்டது, ஆனால் அதை யார் பார்த்தார்கள். அக்தர் பானு பாஸ்போர்ட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இருபத்திரண்டு மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பின. பாதிக்குமேல் காற்றைத்தான் இழுத்தன. அதைப் பற்றி அன்று யாரும் சண்டை போடவில்லை. மறுநாள் போட்டார்கள்.

ஜெபசெல்வி கீதா மேடத்தைத் திரும்பக் கூப்பிட்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அக்காவின் பாஸ்போர்ட்டை வைத்ததையும், இருநூற்றுப் பதினான்காம் வரியையும் சேர்த்தே சொன்னாள். சாயங்காலத்துக்குள் திருத்திவிடுவேன், ஆனால் தப்பு என்னுடையது என்றாள். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தாள். இந்தப் பெட்டி லாரியில் போகிற பெட்டியாச்சே, பள்ளத்தில் ஒரு தடவை குலுங்கியிருந்தால் கேள்வித்தாளோடு மாட்டிக்கொண்டிருக்குமே என்று மேடம் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது கேட்டது. பிறகு, "ஜெபா, இனிமே வர்ற ஒவ்வொரு பெட்டியும் மொதல்ல ரெண்டு வாரம் உங்காத்துலயே இருக்கட்டும்" என்றார்.

ஜெபசெல்வி சரி என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு மணிக்கு முன்னமே அக்தர் பானுவை ஆட்டோவில் ஏற்றினார்கள். பையைக் காலடியில் வைத்து, தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, பாஸ்போர்ட் எங்கே என்று நாலு பேர் நாலு தடவை கேட்டு, அவள் நாலு தடவையும் எடுத்துக் காட்டினாள். ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்தான். அக்தர் பானு அவனை இருக்கச் சொல்லிவிட்டு ஜெபசெல்வியின் கையைப் பிடித்தாள். சந்தே கேட்டு முடித்துவிட்டது, நீ மட்டும் ஒன்றும் கேட்கவில்லையே, உனக்கு என்ன துஆ கேட்க என்றாள்.

ஜெபசெல்விக்குக் காலையிலிருந்து உட்காரக்கூட நேரமில்லை. யோசிக்காமல் மனதில் இருந்ததைச் சொன்னாள். "யாரும் என்னய கூப்பிடாம ஒரு பத்து நாள் இருக்கணும்னு கேளுங்கக்கா."

அக்தர் பானு அதை நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். பிறகு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"அத மட்டும் கேக்க மாட்டேன்ட்டி. அல்லா குடுத்துட்டான்னா, நான் ஊர் திரும்பி ஏர்போர்ட்ல எறங்குனதும் யாரக் கூப்பிட?"

ஆட்டோ கிளம்பி, தொண்ணூறடி ரோட்டுக் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டது. அதுவரை வராத அழுகை ஜெபசெல்விக்கு அப்போது வந்தது. நடுத்தெருவில் நின்று, யார் பார்க்கிறார்கள் என்று பாராமல் அழுதாள்.